திடீரென்று கண்ணில் மின்னும் கோடுகள்: தானாகப் போய்விட்டால் விட்டுவிடலாமா?

நூலகவாசி

வணக்கம். நேற்று மாலை படித்துக்கொண்டிருந்தபோது வரியின் நடுவில் இரண்டு மூன்று எழுத்துகள் காணாமல் போயின. கண்ணைக் கசக்கினேன், கண்ணாடியைத் துடைத்தேன், பயனில்லை. சிறிது நேரத்தில் அந்த வெற்றிடத்தின் விளிம்பில் ரம்பப் பற்களாக வெள்ளிக் கோடுகள் முளைத்துத் துடிக்கத் தொடங்கின. அவை பிறை வடிவில் பெரிதாகிப் பெரிதாகி வலப்பக்க ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தன. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வலது கண்ணில்தான் வந்தது. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. வயது 46. இரத்த அழுத்தம் பார்த்து ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் 'இன்றே மருத்துவரிடம் போங்கள்' என்கிறார்கள். போய் உட்கார்ந்து எதைக் காட்டுவது? வந்தது போய்விட்டதே. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

சாய்வுநாற்காலி

நாள் முழுவதும் திரையைப் பார்த்தால் கண் இப்படித்தான் மிரட்டும். எனக்கும் கண்ணில் பொறி பறந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் முகம் கழுவிவிட்டுத் தூங்குங்கள். இதற்கெல்லாம் மருத்துவமனைக்குப் போனால் இல்லாத நோயையும் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

லென்ஸ்மேசை

நான் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். நூலகவாசி ஐயா, வலது கண்ணில் வந்தது என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தீர்களா?

காரணமாகத்தான் கேட்கிறேன். வலது கண் வலப்பக்கத்தையும் இடது கண் இடப்பக்கத்தையும் பார்க்கிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டு கண்களும் இரண்டு பக்கங்களையும் பார்க்கின்றன. இரு கண்களிலிருந்தும் வலப்பக்கக் காட்சி மூளையின் இடப்பாதிக்குப் போகிறது. இடப்பக்கக் காட்சி வலப்பாதிக்குப் போகிறது. எனவே மூளையின் இடப்பாதியில் ஏதாவது நடந்தால் இரு கண்களிலும் வலப்பக்கம் கெடும். அனுபவிப்பவருக்கோ அது 'வலது கண் போய்விட்டது' என்றுதான் படும். அப்படிச் சொல்லிக்கொண்டு வருபவரை எழுத்துப் பலகை முன்னால் உட்காரவைத்து ஒவ்வொரு கண்ணாக மறைத்தால், சிலருக்கு இரு கண்ணுக்கும் ஒரே பக்கத்து எழுத்துகள் தெரியாது. அப்போதே நாங்கள் தேடும் இடம் மாறிவிடும். ஒரு கண்ணில் மட்டும் கோளாறு என்றால் விழித்திரை, பார்வை நரம்பு, அந்தக் கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம் என்றால் மூளையைப் பார்க்க வேண்டும்.

பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் இதே சோதனைதான். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைப் பார்வை போய்விடுகிறது என்றால் இரு கண்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். அது திடீரென்று வந்திருந்தால், அதிலும் ஓர் இமை தொங்கி அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தால், நேராக அவசரப் பிரிவுதான். மூளையில் இரத்தக் குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு கண்ணை மூடிய பிறகும் இன்னொரு கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்புரையோ கண் உலர்வோதான். அதற்கு நாளை வரலாம்.

உள்ளங்கையைக் குழித்து, அழுத்தாமல் ஒரு கண்ணை மறையுங்கள். பிறகு மற்றதை. பார்வை எப்படிக் கெட்டாலும் முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் பதறுங்கள்.

நூலகவாசி

மூடிப் பார்க்கவில்லை. ஆனால் இரு கண்களையும் இறுக மூடியது நினைவிருக்கிறது. மூடிய பிறகும் அந்த மினுமினுப்பு தெரிந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் கூடவே வந்தது.

பழஞ்சுவடி

நீங்கள் வருணித்ததைப் படித்ததும் ஒரு பழைய படம் நினைவுக்கு வந்தது. 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தமக்கு வந்த காட்சியை வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். முதலில் பார்வை மையத்தின் அருகே சிறு புள்ளி, பிறகு கோட்டை மதிலைப் போல மடிந்து மடிந்து விரியும் பிறை. வானியலாளராக இருந்த அவருடைய தந்தை ஜார்ஜ் ஏரிக்கும் இதே தொல்லை இருந்தது, அவரும் எழுதிவைத்திருக்கிறார்.

1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். காட்சி வரும்போதெல்லாம் தாளை எடுத்து, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று குறித்தார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று கணக்கிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1944இல், பிரேசிலைச் சேர்ந்த லியாவோ என்ற ஆய்வாளர் முயல்களின் மூளையில் அதே போன்று மெதுவாகப் பரவும் ஒரு மின் மாற்றத்தை நேரடியாகப் பதிவு செய்தார். காகிதத்தின் ஓரத்தில் பற்றிய நெருப்பு உள்ளே நகர்வது போல: முன்னணியில் நரம்பணுக்கள் எக்கச்சக்கமாகக் கிளர்ந்து மின்னலைக் காட்டும், அது கடந்த இடம் கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கும். உங்கள் வெள்ளிக் கோடு அந்த முன்னணி. எழுத்துகள் மறைந்த இடம் அடங்கிய பகுதி.

இதை ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி என்பார்கள். வழக்கமாக 5 முதல் 60 நிமிடங்கள் நீடிக்கும். வேடிக்கை என்னவென்றால் தலைவலியே வராமலும் இது மட்டும் வந்துபோகலாம். வயது ஏற ஏற அப்படி வருவது கூடும்.

சாய்வுநாற்காலி

ஆக, ஒற்றைத் தலைவலி. நான் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே? தூங்கினால் போதும்.

இரவுப்பணி

போதாது. அவசரப் பிரிவில் செவிலியராக இருப்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சுவடி எழுதியது சரி. நூலகவாசிக்கு வந்தது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த 'அநேகமாக' என்பதை எடுத்துவிடும் உரிமை நமக்கு இல்லை. இருபது வயதிலிருந்து மாதம் ஒரு முறை இதே காட்சியைப் பார்த்து, பிறகு தலைவலியும் வந்து பழகியவர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டி முதல் முறையாக, தலைவலியும் இல்லாமல் வந்தால், இரத்த அழுத்தம் என்னவென்றே தெரியாதவருக்கு வந்தால், ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று இருக்கிறது. மூளைக்கோ கண்ணுக்கோ போகும் இரத்தம் சில நிமிடங்கள் தடைப்பட்டு மறுபடி ஓடுவது. தற்காலிகப் பக்கவாதம் என்கிறோம். கண்ணில் வரும்போது கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பின் துணுக்கு ஒன்று உடைந்து விழித்திரைக் குழாயில் போய் நின்று, பிறகு கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கும். ஆள் சொல்வார்: 'ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கியது, ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது, வலியே இல்லை.' வலி இல்லை, போய்விட்டது என்ற இரண்டும் சேர்ந்து அவரை வீட்டிலேயே உட்காரவைத்துவிடும். அப்படித் திரை விழுந்து எழுந்த பிறகு வரும் முதல் 48 மணி நேரத்தில்தான் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். அந்த இரண்டு நாளில் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்து, இதயத் துடிப்பைப் பார்த்து, மருந்து தொடங்கினால் வரவிருப்பதைத் தடுக்க வழி உண்டு. எனவே 'போய்விட்டதே' என்பது வராமல் இருப்பதற்குக் காரணமே அல்ல. போய்விட்டவர்தான் உடனே வர வேண்டியவர்.

வேறுபாட்டை ஓரளவு உணரலாம். ஒற்றைத் தலைவலியின் காட்சி ஒளியோடு வரும், நிமிடக்கணக்கில் பரவும், நகரும். இரத்தத் தடை இருளாக வரும், வந்த நொடியிலேயே முழுமையாக வந்துவிடும், நகராது. ஆனால் இரண்டு பக்கமும் விதிவிலக்குகள் உண்டு. இணையத்தில் படித்ததை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது ஒன்று பார்வைக் கோளாறோடு சேர்ந்தால் ஆம்புலன்ஸ் அழைத்துவிடுங்கள். தானாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு. எப்போது தொடங்கியது என்று எங்களிடம் சொல்ல ஆள் வேண்டும், கடிகாரத்தைப் பாருங்கள்.

ஒரு கண் முழுவதும் வலியில்லாமல் இருண்டு அப்படியே நின்றுவிட்டால் அதுவும் பக்கவாதத்துக்குச் சமம். விழித்திரையின் மையத் தமனி அடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் விழித்திரை செத்துவிடும். 'காலையில் பார்க்கலாம்' என்று தூங்கப்போனவர்களுக்கு அந்தக் கண்ணில் செய்வதற்கு எங்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நூலகவாசி

படித்துவிட்டேன். நாளை விடுமுறை என்பதால் தள்ளிப்போடலாம் என்றிருந்தேன். இப்போதே கிளம்புகிறேன்.

தொடுவானம்

என் அம்மாவுக்கு 68 வயது. இரண்டு நாளாக ஒரு கண்ணில் நூலாம்படை மிதப்பது போல இருக்கிறதாம். இருட்டில் திரும்பினால் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். வலி இல்லை. இதுவும் ஒற்றைத் தலைவலியா?

லென்ஸ்மேசை

இல்லை, இது வேறு கதை. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதாக ஆக நீர்த்துச் சுருங்கும். ஒரு நாள் விழித்திரையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். பிரியும்போது விழித்திரையை இழுப்பதால் மூளைக்கு அது வெளிச்சமாகத் தெரிகிறது. விழித்திரைக்கு வலி என்ற ஒன்று தெரியாது, அதற்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. பிரிந்த துணுக்குகளின் நிழல்தான் நூலாம்படை. ஐம்பது, அறுபதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு இது நடக்கும், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது.

சிக்கல் சிறுபான்மையினருக்குத்தான். இப்படி அறிகுறியோடு வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அந்த இழுப்பில் விழித்திரையே கிழிந்திருக்கும். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால் விழித்திரை சுவரை விட்டுக் கழன்றுவிடும். கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அதைச் சுற்றி லேசர் வைத்து ஒட்டி, அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். கழன்ற பிறகு வந்தால் அறுவை சிகிச்சை. மையப் பகுதி கழல்வதற்கு முன் வருவதற்கும் கழன்ற பின் வருவதற்கும் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

உங்கள் அம்மாவை இன்று, முடியாவிட்டால் நாளைக் காலை, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், கண் கூசும். துணைக்கு ஆள் போக வேண்டும். காத்திருக்கும்போது மிதப்பவை திடீரென்று மழையாகப் பெருகினாலோ, ஓரத்தில் நிழல் ஏறத் தொடங்கினாலோ அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அம்மாவுக்குக் கிட்டப்பார்வை அதிகமா? கண்புரை அறுவை ஆகியிருக்கிறதா? சர்க்கரை நோய் இருக்கிறதா? இவை ஒவ்வொன்றும் அவசரத்தைக் கூட்டும். சர்க்கரை நோயாளிக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தாலும் இதே மாதிரி நூலும் புகையுமாகத் தெரியும்.

பழஞ்சுவடி

இடையில் ஒரு வரி. நூறு ஆண்டுகளுக்கு முன்பு வரை விழித்திரை கழன்றால் கண் போனது போனதுதான். கிழிசல்தான் காரணம், கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கண் மருத்துவர் ஜூல் கோனான். எவரும் சட்டென்று ஏற்கவில்லை. 1920களில் அவர் கிழிசலைச் சுட்டு மூடிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

கடுகுமணி

எல்லாரும் கூடி இணையத்தில் வைத்தியம் பார்க்கிறீர்கள். இதற்குத்தான் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

இரவுப்பணி

அம்மா, இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் மருந்து சொல்லவில்லை. எல்லாரும் போகத்தான் சொல்கிறோம். போகாதே என்று சொன்னவர் ஒருவர்தான். அவரோடு சண்டை போடுங்கள், நான் துணைக்கு வருகிறேன்.

மலைச்சாரல்

வலி இல்லாத சங்கதிகளையே பேசுகிறீர்கள். என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவில் தலையைப் பிளக்கும் வலி, தொடர்ந்து வாந்தி. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று அவரும் முனகிக்கொண்டுதான் இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் பார்த்த இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறொரு மருத்துவர் கண்ணைத் திறந்து பார்த்தார்: ஒரு கண் இரத்தச் சிவப்பு, கருவிழி மூட்டமாக, பாப்பா அசையவே இல்லை. கண் அழுத்தம் திடீரென்று எகிறும் வகை கிளாகோமா. அழுத்தத்தை இறக்கி, பிறகு லேசர் வைத்தார்கள். பார்வை முழுமையாகத் திரும்பவில்லை.

தலைவலியும் வாந்தியும் இருக்கும்போது கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்களாகவே சொல்லுங்கள்: கண் சிவந்திருக்கிறது, வளையம் தெரிகிறது, மங்கலாக இருக்கிறது என்று. கேட்காவிட்டால் இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, சீப்புப் பட்டாலே உச்சந்தலை நோகிறது, மெல்லும்போது தாடை வலித்து நின்று நின்று மெல்ல வேண்டியிருக்கிறது. இடையில் பார்வை ஒரு கணம் மங்கித் திரும்புகிறது. பல் மருத்துவரிடம் போய்க் காலம் கழிக்காதீர்கள். தலைத் தமனிகளில் அழற்சியாக இருக்கலாம். ஒரு கண் போனால் சில நாள்களிலோ வாரங்களிலோ மற்றதும் போகக்கூடிய நோய் இது. சந்தேகம் வந்த அன்றே ஸ்டீராய்டு தொடங்குவார்கள். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கமாட்டார்கள்.

இளையவர்களுக்கு: ஒரு கண்ணை அசைத்தாலே வலிக்கிறது, அந்தக் கண்ணில் சிவப்பு மட்டும் வெளிறித் தெரிகிறது, நாளுக்கு நாள் மங்குகிறது என்றால் பார்வை நரம்பு அழற்சி. ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள்.

நூலகவாசி

போய் வந்தேன். விழித்திரை இரண்டும் நன்றாக இருக்கிறதாம். கழுத்துத் தமனி ஸ்கேன், ஈசிஜி இரண்டிலும் பழுதில்லை. நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, மூடிய கண்ணிலும் தெரிந்ததா என்பதுதான். ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரத்த அழுத்தம் மட்டும் அவர்கள் விரும்பிய அளவில் இல்லை, அதற்கு மாத்திரை. அடுத்த முறை வந்தால் தொடங்கிய நேரம், எந்தப் பக்கம், எப்படி நகர்ந்தது என்று குறித்துவைக்கச் சொன்னார்.

பனித்துளி

எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இந்தக் கோட்டை மதில் வரும், பின்னாலேயே தலைவலியும் வரும். பழகிவிட்டது. கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இரவுப்பணி

உண்டு சகோதரி. முன்னறிகுறியோடு கூடிய ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சற்றுக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அதை மேலும் ஏற்றும், புகைபிடித்தால் இன்னும் மோசம். உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலே இந்த நிலையில் கலப்பு மாத்திரை கூடாது என்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வகைகள் இருக்கின்றன. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். எனக்குக் கண்ணில் கோடுகள் வரும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பலரும் தலைவலி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

கர்ப்பிணிகள் யாராவது படித்துக்கொண்டிருந்தால்: 20 வாரத்துக்குப் பிறகு கண்ணில் பொறி, மங்கல், விடாத தலைவலி, மேல்வயிற்று வலி என்றால் கண் மருத்துவர் வேண்டாம், நேரே பிரசவப் பிரிவு. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியக்கூடும். குழந்தை பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து தொடரும்.

தொடுவானம்

அம்மாவைக் காட்டிவிட்டோம். சிறு கிழிசல் ஒன்று இருந்தது, லேசர் வைத்துவிட்டார்கள். சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

சாய்வுநாற்காலி

எல்லாரும் மூடிப் பாருங்கள், மூடிப் பாருங்கள் என்றதால் நானும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்கு எல்லாம் சரி. இடது கண்ணுக்கு மட்டும் கதவுச் சட்டம் நடுவில் வளைந்து தெரிகிறது. இரண்டு கண்ணையும் திறந்தால் நேராகிவிடுகிறது. வயது 71. கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். அடுத்த மாதம் கண்ணாடி மாற்றும்போது சொன்னால் போதுமா?

லென்ஸ்மேசை

போதாது ஐயா. பவர் மாறினால் கோடு மங்கும், வளையாது. கோடு வளைந்தால் மாக்குலா என்னும் விழித்திரையின் மையம் மேடு தட்டியிருக்கிறது என்று பொருள். அங்கே புதிதாக இரத்தக் குழாய் முளைத்து நீர் கசியும் வகை மாக்குலா நோய் உங்கள் வயதில் வரக்கூடியது. நல்ல கண் இன்னொன்றின் குறையை மறைத்துவிடுவதால்தான் இத்தனை நாள் தெரியவில்லை. கண்ணுக்குள் போடும் ஊசிகள் இதற்கு இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம். தழும்பாகிவிட்டால் ஊசிக்கு வேலை இல்லை.

கோனானின் மாணவர் மார்க் ஆம்ஸ்லர் இதற்காகவே ஒரு கட்டத்தாளை உருவாக்கினார். பத்து சென்டிமீட்டர் சதுரம், அரை சென்டிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. நீங்களே அளவுகோலால் வரைந்துகொள்ளலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முப்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, இடது கண்ணால் மட்டும் புள்ளியைப் பாருங்கள். எங்கே கோடு வளைகிறதோ அங்கே பென்சிலால் குறியிட்டு, தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

கண்ணாடிக் கடைக்கு வேண்டாம், விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். 'கண் சோதனைக்கு நேரம் வேண்டும்' என்று கேட்டால் அடுத்த மாதம்தான் கொடுப்பார்கள். 'வயது 71, இடது கண்ணுக்கு நேர்க்கோடு வளைந்து தெரிகிறது, எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை' என்று சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் அழைப்பார்கள்.

சாய்வுநாற்காலி

வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றும் சொன்னார்கள், மகள் வருகிறாள்.